இரண்டேமுக்கால்

ஓஷாவாவில் போலந்துக்காரரின் மண்டபம்.
வெளியே மைனஸ் பதினேழு.
உள்ளே மடக்குக் கதிரைகள் நூற்றிருபது,
ஆள் இருந்தவை எழுபத்தொன்று.
எண்ணுவது பழக்கமாகிவிட்டது.
மாத்திரைப் போத்தல்களுக்கு மூடி போடும் வேலை முடிந்து
நேரே வந்திருந்தேன்,
கோட்டுப் பையில் கொப்பியும் பென்சிலும்.

முதல் ஆட்டம். டஸ்டின் என்றொரு பொடியன்,
பத்தொன்பது வயதிருக்கும், புதுச் சப்பாத்து.
எதிரே இடிமுழக்கம் கோர்டன்,
இருபது வருடமாகத் தோற்றுச் சம்பளம் வாங்குபவன்.
பொடியன் மேல்கயிற்றில் ஏறினான்,
குதிக்குமுன் கீழே பார்த்துவிட்டான்.
பார்க்கக் கூடாது.
கால் தடுமாறி வந்தவனைக் கோர்டன்
காரில் தூங்கிப்போன பிள்ளையைத் தூக்குவதுபோல
நெஞ்சில் வாங்கி,
தான் அடிபட்டதாக அலறினான்.
ஆட்டத்துக்கு ஒன்றேகால்.
கோர்டனின் முதுகுக்குத் தனியாக அரை.

இரண்டாவதில் நால்வர்.
யாருக்கு யார் கூட்டு என்று நடுவருக்கே விளங்கவில்லை.
சோளப்பொரி மெஷின் பியூஸைத் தின்றது.
இருட்டில் பலகை அதிரும் சத்தம் மட்டும்
நிற்காமல் கேட்டது.
வெளிச்சம் வந்தபோது நாலு பேரும் மல்லாக்க.
மாகாணி. அதுவும் இருட்டுக்கு.

மூன்றாவது, சட்பரி மார்கோ டெலோர்ம்.
எதிராளி பதினொரு நிமிடம்
அவளுடைய இடது கையைத் தவிர வேறெதையும் தொடவில்லை.
முறுக்கினாள், மிதித்தாள், கயிற்றில் சுற்றி இழுத்தாள்.
மார்கோ வலது கையாலேயே வென்றாள்.
இடைவேளையில் கோப்பி வரிசையில் எனக்கு முன்னே நின்றாள்,
இடது கை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
சீனிப் பக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.
மூன்றேமுக்கால். கூட்டியே போடலாம்,
கஞ்சத்தனம் என் கூடப் பிறந்தது.

நான்காவது ஆட்டம்.
'கல்கத்தாக் காடுகளிலிருந்து, மகாராஜா விக்ராந்த்!'
ஜன்னல் சீலையில் தைத்த தலைப்பாகை,
எங்கிருந்தோ திருடிய மகுடி இசை.
எதிரே மரவெட்டி லைல், இந்த ஊரின் செல்லம்.
'திரும்பிப் போ' என்று எழுபது குரல்.
முன்வரிசையில் ஒரு தாய்
மடியிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்து
கட்டைவிரலைக் கீழே காட்டப் பழக்கினாள்.
நானும் கத்தினேன். இருபத்தைந்து டொலர் டிக்கெட்.

மகாராஜா லைலைத் தலைகீழாகத் தூக்கினான்.
வியர்வை. பிடி வழுக்கியது.
லைலின் கழுத்து பலகையை நோக்கி வர,
தலைப்பாகைக்கு அடியிலிருந்து ஒரு குரல், மெல்ல:
'கவனமடா, கவனம்.'

லைலுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டான்.
இருவரும் ஒன்றாக விழுந்தார்கள்,
மகாராஜாவின் முழங்கை அடியில்.
அடுத்த நிமிடம் லைல் அவன்மேல் படுத்தான்,
ஒன்று, இரண்டு, மூன்று, கூரை கிழிந்தது.

பென்சில் நெடுநேரம் நின்றது.
கதை புளித்தது. இசை பொய். பிடி பிழைத்தது.
ஒன்றேமுக்கால் என்று எழுதினேன்.
அந்தச் சொல்லை எழுதவில்லை.
எழுதினால் அடுத்த மாதம்
அவனுக்குக் கல்கத்தா இல்லை.

கடைசி ஆட்டத்தில் மேசை உடையவில்லை.
மூன்று தரம் ஆளைப் போட்டும் உடையவில்லை.
மேசைக்கு நாலு,
பட்டம் வென்றவனுக்கு ஒன்று.

வாசலில் மகாராஜா டீ சேர்ட் விற்றான்.
முழங்கையில் ஐஸ் கட்டி,
வாயில் இன்னும் அந்தக் கள்ள உச்சரிப்பு.
நான் இங்கிலீஷில் அளவு சொன்னேன்,
அவன் அதே உச்சரிப்பில் மிச்சக் காசு தந்தான்.
முகத்தை ஒருகணம் பார்த்தானோ என்னவோ.
எக்ஸ்எல் கேட்டேன், மீடியம் கிடைத்தது.

கார் நிறுத்துமிடத்தில்
ஒரு பழைய கொரோலாவின் மூடியைத் திறந்து
கோர்டன் வயர் பிடித்துக்கொண்டிருந்தான்.
உள்ளே மகாராஜா, தலையில் கம்பளித் தொப்பி.
சாவியைத் திருப்பினான். முனகல்.
மறுபடி. முனகல்.
பனியில் நின்ற டஸ்டின்
கையால் கூரையைத் தட்டி எண்ணினான்,
ஒன்று,
இரண்டு,
இரண்டேமுக்காலில்
என்ஜின் தோளைத் தூக்கியது.